வேகமாகச் சுழல்வதுதான் நல்ல மோட்டாரா?

அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் ஒரு சிறு வண்டி செய்கிறீர்கள். பின்புறம் இரண்டு சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொம்மை மோட்டார். இரண்டும் ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை. இரண்டுக்கும் ஒரே பாட்டரி. ஸ்விட்சைப் போட்டதும் வண்டி நேராக ஓட வேண்டும் அல்லவா? ஆனால் அது இடப்பக்கமாக வளைந்து போய்ச் சுவரில் முட்டி நிற்கிறது!

இடது சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது என்பது தெளிவு. உடனே, "இடது மோட்டார் மட்டமானது" என்று முடிவு கட்டி அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எறிவது நல்ல மோட்டாராக இருக்கக்கூடும். வேகமாகச் சுழலும் வலது மோட்டாரிலேயே குறை இருக்கலாம். இது எப்படி என்று கேட்கிறீர்களா? மோட்டாரின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம்.

மோட்டாருக்குள் ஒரு டைனமோ

மோட்டாரின் தகர உறைக்குள் வளைந்த இரண்டு நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே சுழலும் பகுதியில், பெரும்பாலும், மூன்று இரும்பு முனைகளும் அவற்றின்மேல் சுற்றிய மூன்று கம்பிச் சுருள்களும் இருக்கும். அச்சின் ஒரு பக்கத்தில் மூன்று துண்டுகளாகப் பிளந்த தாமிர வளையம் ஒன்று உண்டு. இதுவே திசைமாற்றி. அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும் இரு தூரிகைகள் பாட்டரியின் மின்னோட்டத்தைச் சுருள்களுக்குக் கொண்டு செல்கின்றன. தூரிகை என்றதும் ஓவியரின் தூரிகையை நினைக்க வேண்டாம். இவை மெல்லிய உலோக நாக்குகள் அல்லது சிறு கரித்துண்டுகள்.

காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்று படித்திருக்கிறீர்கள். அதுதானே டைனமோ? மோட்டாரும் டைனமோவும் உண்மையில் ஒரே கருவிதான். 1873ஆம் ஆண்டு வியன்னா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், கிராம் என்பவர் வடிவமைத்த டைனமோ ஒன்றின் மின்சாரத்தைக் கம்பிவழியே அதே வகை டைனமோ ஒன்றுக்கு அனுப்பினர். இரண்டாவது டைனமோ மோட்டாராகச் சுழன்றது!

உங்கள் மோட்டாரும் சுழலும்போதே மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. ஆனால் அது பாட்டரிக்கு எதிர்த்திசையில் செயல்படுகிறது. இதை எதிர் மின்னியக்கு விசை என்பர். வேகம் கூடக் கூட இவ்விசையும் கூடும், மின்னோட்டம் குறையும். மோட்டாரைச் சுழற்றப் போதுமான அளவுக்கு மின்னோட்டம் குறைந்ததும் வேகம் நிலைபெறும்.

ஒரு சிறு கணக்கு

பாட்டரி 3 வோல்ட், மோட்டாரின் மின்தடை 1 ஓம் என்று கொள்வோம். பளு இல்லாதபோது 0.2 ஆம்பியர் செல்கிறது. மின்தடையில் இழப்பு 0.2 வோல்ட். மீதி 2.8 வோல்ட் எதிர் மின்னியக்கு விசை. வேகம் இதற்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

மற்றொரு மோட்டாரில் தூரிகை அழுக்கடைந்திருப்பதால் மின்தடை 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 0.3 வோல்ட், மீதி 2.7 வோல்ட். இரண்டின் வேகத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. கையில் வைத்துச் சுழலவிட்டால் இரண்டும் ஒன்றே என்றுதான் தோன்றும்.

இப்போது வண்டியில் பூட்டுங்கள். பளுவைத் தாங்க ஒவ்வொன்றுக்கும் 0.8 ஆம்பியர் தேவைப்படுகிறது என்போம். முதல் மோட்டாருக்கு மீதி 2.2 வோல்ட், இரண்டாவதற்கு 1.8 வோல்ட் மட்டுமே. மறைந்திருந்த குறை வெளிப்பட்டுவிட்டது! ஆகவே, பளுவுடன் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

காந்தம் வலுவிழந்தால்?

காந்தத்தின் வலிமை குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுழலும் என்றுதான் பலரும் நினைப்பர். பளு இல்லாதபோது நடப்பது இதற்கு நேர்மாறு. வலுவற்ற காந்தப்புலத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் தோன்றும் எதிர் மின்னியக்கு விசை குறைவு. எனவே பாட்டரியை ஈடுகட்ட மோட்டார் மேலும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது.

ஆனால் அதன் திருப்புவிசை குறைந்துவிடும். அதே பளுவை இழுக்க அது கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு விரைவில் சூடேறும். அதை முற்றிலும் நிறுத்திவிடக்கூடிய பளுவில் ஏறக்குறைய பாதிக்கு மேல் ஏற்றினால், நல்ல மோட்டாரைவிட மெதுவாகிவிடும். வேகமானதே நல்லது என்ற எண்ணம் எவ்வளவு தவறு, பார்த்தீர்களா?

நோயைக் கண்டுபிடிப்போம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இது முதல் விதி.

முதலில் மோட்டார்களைக் கழற்றிவிட்டு, சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அச்சில் முடி சுற்றியிருந்தாலோ பல்சக்கரங்கள் இறுக்கமாகப் பொருந்தியிருந்தாலோ மோட்டார் என்ன செய்யும்? அடுத்து, இரண்டு மோட்டார்களும் பக்க இணைப்பில் உள்ளனவா என்று பாருங்கள். தொடர் இணைப்பில் இருந்தால், பளு குறைந்த மோட்டார் மின்னழுத்தத்தின் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும்.

பிறகு இடது மோட்டாரை வலப்பக்கமும் வலது மோட்டாரை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டுங்கள். வண்டி இப்போது வலப்பக்கம் வளைந்தால், குறை மோட்டாரைச் சேர்ந்தது. பழையபடி இடப்பக்கமே வளைந்தால் வண்டியையோ கம்பி இணைப்பையோ சோதிக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியில் மோட்டார்கள் ஒன்றுக்கொன்று எதிராகப் பொருத்தப்படுவதால், ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் சுழலும். சில மோட்டார்களில் தூரிகைகளை நடுநிலையிலிருந்து சற்றுத் தள்ளி அமைத்திருப்பர். அவை ஒரு திசையில் வேகமாகவும் மறு திசையில் மெதுவாகவும் சுழலும். அப்படியானால் இரண்டுமே நல்ல மோட்டார்களாக இருந்தும் வண்டி வளையும்! ஒரு மோட்டாரைத் தனியே எடுத்து, பாட்டரி முனைகளை மாற்றிக் கொடுத்து, இரு திசைகளிலும் வேகத்தை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

வேகத்தை அளப்பது எப்படி? மூன்றாவது மோட்டார் ஒன்று போதும். சைக்கிள் வால்வு டியூபில் சிறு துண்டு வெட்டி, இரு மோட்டார்களின் அச்சுகளையும் நேர்க்கோட்டில் இணையுங்கள். ஒன்றைப் பாட்டரியால் ஓட்டுங்கள். மூன்றாவது மோட்டார் டைனமோவாகித் தரும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்தால், அதுவே வேகத்தின் அளவு.

இப்போது தலைகீழாகச் செய்யுங்கள். மூன்றாவது மோட்டாரைப் பாட்டரியால் ஓட்டி, உங்கள் மோட்டார்கள் ஒவ்வொன்றும் தரும் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். குறைவாகத் தருவதில் காந்தம் வலுவிழந்திருக்கலாம். அல்லது சுருளில் சுற்றுகள் குறைவாக இருக்கலாம். இரண்டும் சமமாகத் தந்தும் ஒன்று மெதுவாகச் சுழன்றால், அது எடுக்கும் மின்னோட்டத்தைப் பாருங்கள். பளு இல்லாதபோதே மின்னோட்டம் அதிகமா? அச்சுத் தாங்கியில் உராய்வு, அல்லது திசைமாற்றியின் பிளவுகளில் கரித்தூள். மின்னோட்டம் இயல்பாக இருந்து, பளு ஏறியதும் வேகம் சரிகிறதா? தூரிகையிலோ இணைப்பிலோ மின்தடை. நிறுத்தியபின் சில நிலைகளில் கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறதா? பெரும்பாலும் ஒரு சுருளின் இணைப்பு அறுந்திருக்கும்.

சோதனைகளின்போது இரு மோட்டார்களும் ஒரே சூட்டில் இருக்கட்டும். சூடேறினால் காந்தம் சற்று வலுவிழக்கும். தாமிரத்தின் மின்தடையோ கூடும். அச்சைப் பிடித்து நிறுத்தி வைக்காதீர்கள், சுருள் கருகிவிடும்.

மருந்து என்ன?

அச்சுத் தாங்கிக்குத் தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி. திசைமாற்றியில் எண்ணெய் படவே கூடாது. பிளவுகளில் உள்ள தூளை மரக்குச்சியால் மெதுவாக அகற்றலாம். தளர்ந்த இணைப்பைப் பற்றாசு வைத்து உறுதியாக்கலாம்.

இவ்வளவு செய்தும் சிறு வேறுபாடு எஞ்சலாம். காந்தமும் சுற்றுகளும் தூரிகையின் அழுத்தமும் இரு மோட்டார்களில் அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை. பொறியியலாளர்கள் இதற்காகக் கவலைப்படுவதில்லை. ஒரே மோட்டாரால் இரு சக்கரங்களையும் ஓட்டுவர். அல்லது சக்கரங்களின் சுற்றுகளை உணர்கருவியால் எண்ணி, பின்தங்கும் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கூட்டிக் கொடுப்பர். இன்றைய ரோபோ வண்டிகள் பலவும் நேராக ஓடுவது இவ்வாறுதான்.

உங்கள் வண்டி வளைந்து ஓடினால் இனி வருந்தாதீர்கள். அது உங்களுக்கு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு சோதனையின் அளவையும் நோட்டில் குறித்து வாருங்கள். மோட்டாரை எறிவதா வைத்திருப்பதா என்பதை அந்த எண்கள் சொல்லிவிடும்.