தேகம் வந்த கதை

காரைக்காலம்மையார் மாமிச சரீரத்தை உதறிவிட்டுப் பேயுருக் கொண்டார் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுக்கு அவ்வூரில் ஜனங்கள் திரள்கின்றனர். அம்மை உதறிய அந்தச் சரீரம் என்னும் வஸ்து உலகில் முதன்முதல் எவ்விதம் உண்டாயிற்று என்று விசாரிப்பதற்கு ஊர்க் குளத்து நீரே போதும் என்றால் சிலர் நகைக்கக்கூடும்.

மழை ஓய்ந்தபின் அப்பக்கத்துக் குளங்களில் நீர் பச்சை பூத்து நிற்கும். நன்னீரைப் பச்சையாக்கும் பாசிகளில் கிளாமிடோமோனாஸ் என்பது ஒன்று. அதற்கு ஒரே உயிரணு. இரண்டு மெல்லிழைகளே துடுப்பு. பிளந்து பெருகும் சமயத்தில் துடுப்பு வீச அதனால் இயலாது. கடலில் தனியே கட்டுமரம் ஏறியவன் வலையை இழுக்கையில் துடுப்பைக் கீழே வைக்க வேண்டியதுதானே! இருவர் ஏறினால் ஒருவன் துடுப்பையும் மற்றவன் வலையையும் கவனிக்கலாம். இந்தத் தொழிற்பிரிவினையே தேகத்தின் அஸ்திவாரம்.

கோனியம் என்ற பாசியில் 16 அணுக்கள் வரை தட்டையாக ஒட்டி வாழும். யூடோரினாவில் 32 வரை உருண்டையாகச் சேரும். இவை மூதாதைகளல்ல, பாதி வழியில் தங்கிவிட்ட தாயாதிகள். இதே வம்சத்தில் சுமார் 20 கோடி வருஷங்களுக்கு முன் தோன்றியது வால்வாக்ஸ். மிருகங்களின் தேகம் வேறு கிளையில், இன்னும் வெகு காலத்துக்கு முன்னரே வந்தது. ஆயினும் தேகம் உண்டாகும் வகையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஜீவன் அபூர்வம்.

உலகத்து ஆராய்ச்சிசாலைகள் பலவற்றில் வளர்க்கப்படும் வால்வாக்ஸ் வகைக்கு 'நகரியென்ஸிஸ்' என்று பெயர். சென்னைப் பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் 1933-ம் வருஷம் வர்ணித்துப் பெயரிட்டது அது. திருத்தணிக்கு அப்பால், இன்று ஆந்திரத்திலுள்ள நகரியின் பெயர் இவ்விதம் கடல் கடந்தது! ஸயன்ஸ் என்பது மேனாட்டாரின் சொத்து என்போர் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

அப்பச்சைப் பந்தில் சுமார் 2,000 சிற்றணுக்கள் துடுப்பு வீசுகின்றன. 16 பேரணுக்களுக்கு மேல் இல்லை. சந்ததி உண்டாக்குவது அவை மாத்திரமே. 2010-ல் இதன் மரபணுக்களைக் கணக்கிட்டார்கள். கிளாமிடோமோனாஸைப் போலவே ஏறக்குறைய 14,500 இருந்தன! தேகம் எடுக்கப் புதிய மூலதனம் அதிகம் தேவைப்படவில்லை. பழைய சாமான்களே பெரும்பாலும் போதுமானவையாயின.

ஆனால் விலை ஒன்று உண்டு. ஒற்றை அணு பிளந்துகொண்டே போகிறது. முதுமையடைந்து மாய வேண்டிய அவசியம் அதற்கில்லை. வால்வாக்ஸில் குஞ்சுப் பந்துகள் வெளியேறிய சில தினங்களில், துடுப்பு வீசிய சிற்றணுக்கள் அனைத்தும் மடிகின்றன. தேகம் வந்தபோதே பிரேதமும் வந்தது. சிற்றணுக்களுக்குப் பெருகும் சக்தி இல்லாமலில்லை. 'ரெக்-ஏ' என்ற ஒரு மரபணு அதை அடக்கி வைத்திருக்கிறது. அம்மரபணு பழுதுபட்டால் அவை துடுப்பை உதறிவிட்டுப் பருத்துத் தாமே சந்ததி பெறத் தொடங்குகின்றன. பிறகு பந்தை நீந்தச் செய்ய ஆளில்லை. அது அடியில் அமிழ்ந்துவிடுகிறது.