கொரியப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கப் போகுமுன்

வெளிநாட்டு வேலை என்றதும் எமது மக்களின் நினைவுக்கு முதலில் வருவது மத்திய கிழக்கு. அண்மைக் காலமாகத் தென்கொரியாவின் தொழிற்சாலைகளும் அந்த வரிசையில் சேர்ந்துள்ளன. ஆனால் அதே தென்கொரியாவுக்கு வேறு சில நாடுகளின் இளம் பட்டதாரிகள் ஆண்டுதோறும் ஆங்கில ஆசிரியர்களாகச் செல்கின்றனர். அவர்களுக்கு மாதச் சம்பளத்துடன் பொதுவாகக் குடியிருக்க வீடும் வழங்கப்படுகிறது. இதைக் கேள்விப்பட்ட எமது இளைஞர் யுவதிகள், “எமக்கும் ஆங்கிலம் தெரியுமே, நாமும் போகலாமா?” என்று கேட்கின்றனர். இது நியாயமான கேள்வி. சரியான விடை கிடைக்காத இடத்தில் பிழையான விடையை விலைக்கு விற்க ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆகவே இந்த விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது என எண்ணுகிறோம்.

ஆங்கிலத்தின் மீது ஏன் இத்தனை தாகம்?

கொரியாவில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பெருமளவில் தீர்மானிப்பது, ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையாகும். ஆங்கிலக் கேட்டல் பகுதி நடைபெறும் ஏறக்குறைய அரைமணி நேரம் நாடெங்கும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. எமது க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பரபரப்பை அறிந்த பெற்றோருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1995இல் அந்நாட்டு அரசு ‘எபிக்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, அரச பாடசாலைகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அழைத்தது. 1997 முதல் ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாய பாடமாயிற்று. இதற்குப் புறம்பாக ‘ஹாக்வொன்’ எனப்படும் தனியார் கல்வி நிலையங்கள் நகரெங்கும் உள்ளன. எமது ரியூட்டரிகளைப் போன்றவையே இவை. பிள்ளைகள் பாடசாலை முடிந்ததும் நேரே அங்கு செல்கின்றனர். சியோல் நகரில் இரவு பத்து மணிக்குப் பின் இவை வகுப்பு நடத்தக் கூடாது என்று விதி செய்ய வேண்டியேற்பட்டது.

வெளிநாட்டு ஆசிரியருக்கு இவ்விரண்டில் ஒன்றே பணியிடம். அரச பாடசாலையில் பகல் வேலை. வாரத்துக்கு 22 மணித்தியாலம் வரை கற்பித்தல். பெரும்பாலும் கொரிய ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்தே வகுப்பெடுக்க வேண்டும். ஹாக்வொனில் பெரும்பாலும் பிற்பகல், இரவு வேலை. விடுமுறை குறைவு. நல்லவையும் தீயவையும் கலந்தே இருக்கும்.

கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

ஆங்கிலம் கற்பிக்கச் செல்பவருக்குக் கொரியா வழங்குவது ‘ஈ-2’ என்னும் விசா. இதற்கு நன்றாக ஆங்கிலம் பேசினால் மட்டும் போதாது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளுள் ஒன்றின் குடியுரிமை வேண்டும், பட்டமும் வேண்டும். 2010இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தம் ஒன்றின்படி, ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகைமையும் பெற்ற இந்தியப் பிரசைகள் பாடசாலைகளில் உதவி ஆசிரியராகலாம். இந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

இதை எமது இளைஞருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், கனேடியக் கடவுச்சீட்டுடன் விண்ணப்பிக்கலாம். மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் அவளது மச்சாள், ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் பெற்றிருந்தாலும், இலங்கைக் கடவுச்சீட்டுடன் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. மொழியறிவைப் பிறந்த நாட்டைக் கொண்டு அளப்பது நியாயமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் விதி மாறும்வரை, விதி தெரியாமல் பணம் கட்டுவது புத்தியாகாது.

கொரியரை மணந்து குடும்ப விசாவில் வாழ்வோர், நிரந்தர வதிவிட உரிமை பெற்றோர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு இந்த நாட்டுப் பட்டியல் தடையாகாது.

கடதாசிகளும் ஒப்பந்தமும்

தகுதியுள்ளவர்களுக்குக்கூட ஆயத்தம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. கொரியாவில் கல்வியாண்டு மார்ச் மாதத்தில் ஆரம்பமாகிறது. இரண்டாம் தவணை ஆகஸ்ட் பிற்பகுதியில். பட்டச் சான்றிதழின் பிரதியும், தேசிய மட்டத்தில் பெற்ற குற்றப்பதிவுச் சான்றிதழும் அதிகாரபூர்வமாக அத்தாட்சிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இவற்றைப் பெறுவதற்கே வாரங்கள் பல செல்லும். எபிக் திட்டத்துக்கு, கல்வியியலில் பட்டமோ ஆசிரியப் பயிற்சியோ இல்லாதவர்கள் ஆங்கிலம் கற்பிப்பதில் 100 மணித்தியாலப் பயிற்சியாவது பெற்றிருக்க வேண்டும்.

நாட்டை அடைந்தபின் மருத்துவப் பரிசோதனை உண்டு. 90 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிந்து அட்டை பெறவேண்டும். முன்னர் இவ்வாசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயமாக இருந்தது. அதை மறுத்ததால் வேலையை இழந்த ஓர் ஆசிரியையின் முறைப்பாட்டை விசாரித்த ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, 2015இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் அந்த விதி நீக்கப்பட்டது. தனியொருவர் உறுதியாக நின்றால் விதிகளும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒப்பந்தம். ஈ-2 விசா வேலை கொடுப்பவருடன் பிணைக்கப்பட்டது. ஒப்பந்தக் காலத்துக்குள் இடம் மாற விரும்பினால் பொதுவாக அவரது விடுவிப்புக் கடிதம் தேவை. எனவே கையெழுத்திடுமுன் பார்க்கவேண்டியவை சில உண்டு:

1. ஒரு வருடம் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளமாவது பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகப் பதினோராம் மாதத்தில் நிறுத்துவதும் நடக்கிறது. ஒப்பந்தக் காலம் எத்தனை மாதம் என்று பார்க்க வேண்டும்.

2. சில கல்வி நிலையங்கள் ஆசிரியரை ஊழியர் என்று எழுதாமல் ‘சுயதொழில் செய்பவர்’ என்று எழுதுகின்றன. இதனால் ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றில் முதலாளியின் பங்கு கிடைக்காமற் போகலாம்.

3. கற்பிக்கும் நேரம் எவ்வளவு, பாடசாலையில் இருக்கவேண்டிய நேரம் எவ்வளவு என்பது தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

4. மாலையில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து வீட்டில் ரியூசன் கொடுக்கலாம் என்று எண்ணக்கூடாது. ஈ-2 விசாவில் இருப்பவருக்கு அது குற்றம். நாடுகடத்தப்படவும் கூடும்.

5. முன்பு அங்கே கற்பித்த ஒருவருடன் பேசாமல் கையெழுத்திடக்கூடாது. நல்ல நிலையம் இதற்குத் தடை சொல்லாது.

வகுப்பறைக்குள்

கற்பிக்கப் போகிறவர் அங்கே முதலில் மாணவராக வேண்டும். கொரிய எழுத்தான ஹங்குல், சேஜோங் மன்னரின் காலத்தில் உருவாகி 1446இல் வெளியிடப்பட்டது. 14 அடிப்படை மெய்களும் 10 அடிப்படை உயிர்களும் கொண்டது. உயிரும் மெய்யும் ஒரே கட்டத்துக்குள் இணைந்து அசையாவதால், உயிர்மெய் எழுத்துப் படித்த தமிழருக்கு இது கடினமாக இராது. சில நாட்கள் இருந்து படித்தால் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசித்துவிடலாம்.

அந்தப் பிள்ளைகள் விடும் பிழைகளின் காரணமும் தமிழருக்கு எளிதில் விளங்கும். கொரிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் இதற்கு நேர்மாறு. ஆங்கிலத்தின் ‘ஃப’ ஒலியை அவர்கள் ‘ப’ என்பார்கள். மெய்யில் முடியும் சொல்லுக்கு ஓர் உயிரைச் சேர்ப்பார்கள். ‘பஸ்’ என்பதைப் ‘பஸ்ஸு’ என்னும் எமது ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் போதும். தாயை ‘ஒம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைப்பதைக் கேட்டு வியப்பு வரலாம். அதைக்கொண்டு இருமொழிகளும் உடன்பிறந்தவை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பிள்ளையின் மனத்துக்கு அருகே செல்ல அந்த வியப்பு உதவினால் நல்லது.

ஆசிரியரை மதிக்கும் சமூகம் அது. மே 15 அங்கு ஆசிரியர் தினம். சேஜோங் மன்னரின் பிறந்த நாளும் அதுவே. பெரியவர்களிடம் எதையும் இரு கைகளாலும் கொடுத்து வாங்குவது, தலை தாழ்த்தி வணங்குவது, வீட்டு வாசலில் பாதணியைக் கழற்றுவது எமக்குப் புதியவையல்ல. ஆனால் 2016இல் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின் பின், மாணவரிடமோ பெற்றோரிடமோ அன்பளிப்பு வாங்குவதில் மிகுந்த கவனம் வேண்டும்.

கிராமம் வெறுமையாகும்போது

இன்னொரு மாற்றத்தையும் மறக்கக்கூடாது. கொரியாவில் பிறப்பு வீதம் உலகிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு வந்துவிட்டது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளை. கிராமப் பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகின்றன. எஞ்சியுள்ள கிராமப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை ஈர்க்க மேலதிகக் கொடுப்பனவு வழங்கப்படுகிறது. 2008இல் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளுக்கென்றே ஒரு தனித் திட்டமும் தொடங்கப்பட்டது. இன்று அது நடைமுறையில் இல்லை. தூரத்துப் பிள்ளைக்கும் ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்று ஓர் அரசு எண்ணி அதற்குப் பணமும் ஒதுக்கியது கவனிக்கத்தக்கது. எமது பின்தங்கிய கிராமங்களிலும் மலையகத் தோட்டங்களிலும் ஆங்கில ஆசிரியரின்றிப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளை எண்ணும்போது இது எம்மைச் சிந்திக்க வைக்கிறது.

எமது இளைஞர் செய்யவேண்டியது

இலங்கையர் கொரியாவில் வேலைசெய்வதற்குரிய பிரதான வழி, 2004இல் தொடங்கிய தொழில் அனுமதி முறையாகும். இது இரு அரசுகளுக்கிடையிலானது. தனியார் முகவருக்கு இதில் இடமில்லை. 18 முதல் 39 வயது வரையுள்ளவர்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாக விண்ணப்பித்து, கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். கிடைப்பது தொழிற்சாலை, மீன்பிடி, விவசாயம் போன்ற வேலைகளே. படிப்பைத் தொடர விரும்பும் பட்டதாரிகளுக்குக் கொரிய அரசின் புலமைப்பரிசில் உண்டு.

யாரேனும் “கொரியாவில் ஆங்கில ரீச்சர் வேலை இருக்கு, இப்ப ரூறிஸ்ற் விசாவில போங்கோ, அங்க போய் மாத்தலாம்” என்று சொன்னால், ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் கற்பிப்பது அங்கே சட்டவிரோதம். முகவர் காட்டும் அனுமதிப்பத்திரம் உண்மையானதா என்பதைப் பணியகத்தில் நேரில் விசாரியுங்கள். காணியை ஈடுவைக்குமுன், நகையை விற்குமுன் இந்த ஒரு நாள் அலைச்சலைப் பொருட்படுத்தாதீர்கள்.

கனடாவிலோ பிரித்தானியாவிலோ உள்ள உறவினரின் பிள்ளைகள் இப்பணிக்குப் போக எண்ணினால், மேலே சொன்ன ஐந்து விடயங்களையும் அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். இங்கிருக்கும் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கு வேலை தேடி நெடுந்தூரம் போகத் தேவையில்லை. தங்கள் ஊர்ப் பாடசாலையின் அதிபரிடம் சென்று, வாரத்தில் இரண்டு நாள் வகுப்பெடுக்க வரலாமா என்று கேட்கட்டும். பிற்காலத்தில் எந்த நாட்டுக்குச் சென்றாலும் அந்த அனுபவம் அவர்களுக்குக் கைகொடுக்கும்.