தோலின் கதை – 17: நாற்பத்திரண்டு மடங்கு

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை உயிருள்ள சதையைத் தீண்டுவதில்லை, தோலின் மேலடுக்கில் இறந்துகிடக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றே வாழ்கிறது என்பது சென்ற வாரம் சொல்லப்பட்டது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். அந்தப் பூஞ்சைக்காக மருந்துக்கடைகளில் விற்கப்படும் கூட்டுக் களிம்புகளின் மூன்று உறுப்புகளையும் இந்த வாரம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதாகத் திட்டம். ஆனால் அவற்றில் ஒன்றான ஸ்டீராய்டைப் பற்றிய ஓர் அட்டவணை இந்த வாரப் பக்கங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது.

கூட்டுக் களிம்பு என்பது வெவ்வேறு வேலை செய்யும் மருந்துகளை ஒரே டியூபில் கலந்து தருவது. வழக்கமான கலவையில் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் மைக்கோனசோல் அல்லது குளோட்ரிமசோல், பாக்டீரியாவைக் கொல்லும் நியோமைசின் அல்லது ஜென்டமைசின், வீக்கத்தையும் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் போன்ற ஏதாவதொரு ஸ்டீராய்டு என மூன்றும் இருக்கும். குடலில் அமீபாவை ஒழிக்கக் கொடுக்கப்படும் ஆர்னிடசோலையும் இவற்றோடு சேர்த்துக்கொண்ட களிம்புகள் இந்தியச் சந்தையில் இருந்திருக்கின்றன; தொடையிடுக்கில் வந்த படைக்கும் அமீபாவுக்கும் என்ன உறவு என்பதை மருத்துவ நூல்கள் விளக்குவதில்லை. இன்ன நோய் என்று தெரியாத நிலையிலும் ஏதாவதொன்று பலிக்கும் என்பதே இந்தக் கலவைகளின் அடிப்படை நியாயம். "படைக்கு ஒரு ஆயின்மெண்ட் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறவருக்கும் எடுத்துக் கொடுக்கிறவருக்கும் அது ஒருசேரப் பிடித்துப்போயிற்று.

மருந்துகளைக் கலப்பதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆர்தர் விட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 1907இல் சொன்ன களிம்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதில் 6 சதவீதம் பென்சாயிக் அமிலமும் 3 சதவீதம் சாலிசிலிக் அமிலமும் உண்டு. முன்னது பூஞ்சையை வளரவிடாமல் தடுக்க, பின்னது பூஞ்சை குடியிருக்கும் கெரட்டின் அடுக்கையே உரித்தெடுக்கிறது. சற்று எரியும், பிசுபிசுக்கும், புதிய மருந்துகளைவிட மெதுவாகவே வேலை செய்யும். ஆனாலும் விலை மலிவு, இரண்டு உறுப்புகளும் ஒரே திசையில் இழுக்கின்றன. தமிழ்நாட்டில் வண்டுகொல்லி என்றும் சீமை அகத்தி என்றும் அழைக்கப்படும் செடியின் இலையைப் படைக்கு அரைத்துப் பூசும் வழக்கம் இதைவிடப் பழையது, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஸ்டீராய்டு சேர்ந்த கலவையிலோ உறுப்புகள் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன: பூஞ்சைமருந்து பூஞ்சையைத் தாக்கும்போது, அதே பூஞ்சையை எதிர்த்துத் திரண்ட உடலின் காவலை ஸ்டீராய்டு கலைத்துவிடுகிறது.

தோலில் பூசும் ஸ்டீராய்டின் வரலாறு 1952இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மேரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் அப்போது 'காம்பவுண்டு எஃப்' எனப்பட்ட ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாக்கிப் பூசியபோது எக்சிமா எனப்படும் கரப்பான் அடங்கியதைப் பதிவு செய்தார்கள். தோல் மருத்துவத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. இந்தக் கட்டுரை ஸ்டீராய்டுக்கு எதிரானது என்று யாரும் கொள்ள வேண்டாம், கரப்பானுக்கும் காளாஞ்சகப்படைக்கும் அது இன்றும் இன்றியமையாதது. பிறகு புதிய ஸ்டீராய்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது எது எவ்வளவு வலியது என்று அளக்க வேண்டியிருந்தது. அதற்கு 1962இல் மெக்கென்சியும் ஸ்டவுட்டனும் ஓர் எளிய வழி கண்டார்கள்: மருந்தை ஆல்கஹாலில் கரைத்து, முன்கையில் சிறு சிறு வட்டங்களாக இட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுநாள் திறந்து எத்தனை வட்டங்கள் வெளுத்திருக்கின்றன என்று எண்ணுவது. ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் பூசிய இடம் வெளுக்கிறது, வலிமை கூடக் கூட வெளுப்பும் கூடுகிறது. உச்சத்தில் இருப்பது குளோபெட்டசால். அதன் வீச்சு ஹைட்ரோகார்ட்டிசோனைப்போல் 600 மடங்கு வரை என்று தோல் மருத்துவக் கையேடுகள் குறிக்கின்றன.

அந்த அட்டவணைக்கு இனி வரலாம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் 1967இல் வெளியிட்ட ஆய்வு அது. ஹைட்ரோகார்ட்டிசோனில் கதிரியக்கக் கரிமத்தை அடையாளமாக ஏற்றி, மனிதர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் ஒரே அளவாகப் பூசி, அடுத்த ஐந்து நாட்களுக்கு அவர்களின் சிறுநீரைச் சேகரித்து, அதில் எவ்வளவு கதிரியக்கம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். பூசியதில் எந்த அளவு உள்ளே நுழைந்தது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். முன்கையின் உட்புறத்தில் நூற்றில் ஒரு பங்களவே உட்சென்றது. அதை 1 என்று வைத்துக்கொண்டால் உள்ளங்காலுக்கு 0.14, உள்ளங்கைக்கு 0.83, முதுகுக்கு 1.7, தலைத்தோலுக்கு 3.5, அக்குளுக்கு 3.6, நெற்றிக்கு 6, தாடையோரத்துக்கு 13, விரைப்பைக்கு 42.

ஒரே களிம்பு, ஒரே அளவு, ஒரே மனிதர். ஆனால் பாதப்படைக்கென்று எழுதித் தந்த டியூபை அவர் தொடையிடுக்குக்கும் பயன்படுத்தி, அது விரைப்பையிலும் பட்டுவிட்டால், அங்கே உள்ளே போகும் ஸ்டீராய்டு உள்ளங்காலில் போவதைப்போல் 300 மடங்கு. மேலே சொன்ன 600ஐயும் இந்த 42ஐயும் பெருக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஒன்று மருந்தின் வீச்சுக்கான அளவுகோல், மற்றது தோலின் வாயிலுக்கான அளவுகோல் என்பதால் அந்தப் பெருக்கல் செல்லாது. ஆனாலும் கணக்கு எந்தத் திசையில் போகிறது என்பதில் ஐயமில்லை. கெரட்டின் அடுக்கின் தடிமன், மயிர்க்கால்களின் நெருக்கம், ஈரம், வெப்பம் ஆகியவை சேர்ந்து இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. தோலோடு தோல் ஒட்டும் மடிப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மருந்து பூசிய இடத்தைக் காற்றுப் புகாமல் மூடினால் உட்புகுதல் பல மடங்கு ஏறும் என்பதால், இறுக்கமான ஜீன்ஸும் வியர்வையை உறிஞ்சாத உள்ளாடையும் யாரும் போடச் சொல்லாத கட்டுகளாகின்றன. குழந்தையின் டயப்பர் அதைவிடத் திறமையான மூடி. அதனால்தான் அமெரிக்காவில் குளோட்ரிமசோலும் பீட்டாமெத்தசோனும் சேர்ந்த களிம்பின் உரிமக் குறிப்பு, தொடையிடுக்கிலும் உடலிலும் இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது, 17 வயதுக்குட்பட்டோருக்கு ஏற்றதல்ல, டயப்பர் புண்ணுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது.

இந்த எச்சரிக்கைகள் எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் பூசுகிறவருக்கு முதலில் கிடைப்பது ஆறுதல்தான். இரண்டாம் நாளே அரிப்பு அடங்கி, சிவப்பு மங்கி, செதில் குறைந்து, படை போய்விட்டது போலத் தோன்றும். பூஞ்சையோ தடையின்றி அக்கம்பக்கத்துத் தோலுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். களிம்பை நிறுத்திய சில நாட்களில் அரிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்புகிறது. அந்தத் திரும்புதலே மருந்து வேலை செய்ததற்கான சான்றாக நோயாளிக்குப் படுவதால் அவர் இன்னொரு டியூப் வாங்குகிறார். ஏமாற்றம் இவ்வளவு நேர்த்தியாக அமைந்த சரக்கு மருந்துக்கடையில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இப்படி உருமாறிய படையை 1968இல் ஐவ், மார்க்ஸ் என்ற மருத்துவர்கள் 'டினியா இன்காக்னிட்டோ', அதாவது மாறுவேடப் படை, என்று பெயரிட்டு விவரித்தார்கள். தெளிவான விளிம்போடு வட்டமாகப் படர்வதுதான் படர்தாமரையின் அடையாளம். ஸ்டீராய்டு பட்ட படையில் அந்த விளிம்பு கரைந்து போகும், அல்லது ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக இரட்டைக்கோடு எழும். அந்த இரட்டைக்கோட்டைப் பார்த்ததும் அனுபவமுள்ள மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த டியூபைப் பூசினீர்கள் என்பதுதான்.

பூஞ்சை ஒருபுறமிருக்க, தோலுக்கு ஏற்படும் இழப்பு தனி. தொடையிடுக்கிலும் அக்குளிலும் தோல் சிகரெட் தாள்போல் மெலிந்து, மகப்பேற்றுக்குப் பின் வயிற்றில் தெரிவதைப் போன்ற வரிகள் விழும். அரிப்பு போனாலும் வரிகள் போவதில்லை. முகத்தில் பூசினால் பருவும் தேவையற்ற முடியும் நிலைத்த சிவப்பும் வரும், கண்ணருகே தொடர்ந்து பட்டால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரலாம். சிறு குழந்தைகளுக்கு இரத்தத்தில் கலக்கும் ஸ்டீராய்டு, உடல் தானே சுரக்கும் ஹார்மோனை அடக்கி, முகத்தை உப்பவைத்து வளர்ச்சியைத் தடுக்கக்கூடும்.

இந்திய அரசு இதைக் கவனிக்காமல் இல்லை, மெதுவாகக் கவனித்தது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலான எச் அட்டவணையில் ஸ்டீராய்டுகள் இருந்தாலும், வெளிப்பூச்சுகளுக்கு ஓர் அடிக்குறிப்பு விலக்கு அளித்திருந்தது. 2018 மார்ச்சில்தான் 14 ஸ்டீராய்டுகளின் வெளிப்பூச்சுகளுக்கு அந்த விலக்கு நீங்கியது. பகுத்தறிவுக்குப் பொருந்தாத கூட்டு மருந்துகள் என்று 2016 மார்ச்சில் 344 கலவைகள் தடை செய்யப்பட்டன, வழக்குகளுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. தோல் களிம்புகள் பல அவற்றில் அடக்கம். இதற்குள் பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. டெர்பினஃபின் என்ற முதன்மைப் பூஞ்சைமருந்துக்கு அடங்காத ஓர் இனத்தை, இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டார்கள். 2023இல் அது நியூயார்க்கிலும் பதிவானது. ஸ்டீராய்டு கலவைகளின் கண்மூடிப் பயன்பாடு இந்தப் பரவலுக்குத் துணைபோனது என்பது தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து.

பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்பது டியூபின் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டுப் பொடியெழுத்தில் உள்ள உட்பொருள் வரியைப் படிப்பதில் தொடங்குகிறது. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என 'சோன்', 'சால்' என்று முடியும் பெயர்களில் பல ஸ்டீராய்டுகள். ஆனால் பூஞ்சைமருந்தான மைக்கோனசோல் கூட 'சோல்' என்று முடிவதால் ஓசையை மட்டும் நம்பாமல் கடையில் உள்ள மருந்தாளுநரிடம் கேட்டுவிடுவது நல்லது. படை என்று உறுதியானால் பூஞ்சைமருந்து மட்டுமே உள்ள களிம்பே முதல் தேர்வு. ஐயமிருந்தால் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை உண்டு, இழைகள் தெரிந்தால் பூஞ்சைதான். பூஞ்சைமருந்தைப் படையின் விளிம்புக்கு வெளியே இரண்டு விரற்கடை அளவுக்கும் சேர்த்துப் பூசி, படை மறைந்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம், அல்லது மருத்துவர் சொன்ன காலம் வரை தொடர வேண்டும்.

தாங்க முடியாத அரிப்புக்கு மருத்துவரே கூட்டுக் களிம்பை எழுதித் தந்தால், எத்தனை நாள், உடலின் எந்த இடம், அதன்பின் எது என்ற மூன்றையும் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மிதமான ஸ்டீராய்டு, சில நாட்கள், பிறகு தனிப் பூஞ்சைமருந்து என்பதே பொதுவான முறை. அளவுக்கு விரல்நுனி அலகு என்ற கணக்கு 1991இல் லாங், ஃபின்லே இருவரால் முன்வைக்கப்பட்டது: ஐந்து மில்லிமீட்டர் வாயுள்ள டியூபிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி முதல் முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். வீட்டில் மிச்சமிருக்கும் டியூபை இன்னொருவரின் சொறிக்குக் கொடுப்பது, சிரங்குக்கும் அம்மைக் கொப்புளத்துக்கும் அக்கிக்கும் பூசிப் பார்ப்பது, பூசிய இடத்தைக் கட்டுவது ஆகியவை கூடாது. மாதக்கணக்கில் முகத்தில் பூசிவந்தவர் தாமாக ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு குறைக்க வேண்டும். நிறுத்திய பின் தலைசுற்றலும் வாந்தியும் பெரும் சோர்வும் வந்தால் அது அவசரம்.

களிம்பால் மட்டும் தீராத காரணங்கள் வீட்டிலேயே உண்டு. ஒரே துண்டை நால்வர் பயன்படுத்துவது, ஈரம் காயாத துணியை அப்படியே உடுத்துவது ஆகியவற்றோடு, குளித்தபின் துவட்டாமல் விடப்படும் அரைஞாண்கயிற்றையும் இறுக்கிக் கட்டிய உள்பாவாடை நாடாவையும் சேர்க்க வேண்டும். இடுப்பைச் சுற்றிப் படை கோடுபோல் ஓடுவது பெரும்பாலும் அவற்றின் தடத்திலேதான். வீட்டில் அரிப்புள்ள எல்லாரும் ஒருசேரச் சிகிச்சை எடுத்து, துணிகளைச் சூடான நீரில் தோய்த்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் உலர்த்தும் வரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்வருவது நிற்காது.

நியோமைசின் இன்னும் தொடப்படவில்லை. பூஞ்சைக்கு எதிராக ஒரு வேலையும் செய்யாத அந்த மருந்து, பூசுகிறவர்கள் சிலருக்கு ஒவ்வாமையால் புதிய கரப்பானையே உண்டாக்கிவிடும் கதையும், உண்மையில் பாக்டீரியாவால் வரும் சிரங்குக்கும் சீழ்க்கட்டிக்கும் என்ன செய்வது என்பதும் அடுத்த வாரம்.