ஆண்செடி களைதல்: கஞ்சா, மகரந்தம், அதிகாரம்

1

கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவுகிற கையும் ஒன்று. ஆனால் ஒன்று கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும், இன்னொன்று ஸ்டேஷனுக்குப் போகும். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அன்றிலிருந்து எங்க குளத்தூர்ப் பக்கத்துப் பனையேறிகளுக்குக் குற்றம் என்பது மரத்தில் இல்லை, கலயத்தின் உட்பக்கத்தில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். சட்டம் பொருளைத் தடை செய்வதாகச் சொல்லும். உண்மையில் அது பொருளின் ஒரு நிலைமையைத்தான் தடை செய்கிறது.

கஞ்சாவும் இப்படித்தான். கஞ்சா என்று நாம் சொல்வது ஒரு செடியின் குறிப்பிட்ட ஒரு நிலைமையை. இன்னும் சரியாகச் சொன்னால், மகரந்தம் சேராமல் காத்திருக்கும் பெண்பூங்கொத்தை. இந்தச் சாதாரணத் தாவரவியல் உண்மையிலிருந்து தொடங்கினால் உழைப்பு, அரசு, சட்டம், விதை ஆகிய நான்கையும் ஒரே சரட்டில் கோத்துப் பார்க்க முடியும். அதைத்தான் இங்கே செய்ய முயல்கிறேன். கஞ்சா நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறை இல்லை. பதின்வயதுப் பையன்கள் அதில் விழுந்தால் மனம் சிதைய வாய்ப்பு கூடுதல் என்பதை மருத்துவம் சொல்கிறது. அதை மறுத்துப் பேசுவது புரட்சி ஆகாது.

2

பனையில் ஆண் தனி, பெண் தனி. ஆண்பனையை அலகு என்பார்கள், பெண்பனையைப் பருவம் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வளர்ந்து பாளை விட்ட பிறகுதான் எது எதுன்னு தெரியும். அலகுப் பனையில் நுங்கு கிடையாது, ஆனா பதநீர் உண்டு. அதனால் எங்க பக்கத்தில் ஆண்மரத்தை யாரும் வெட்டி எறிவதில்லை. இரண்டு பாலுக்கும் உழைப்பில் இடம் இருக்கிறது.

கஞ்சாச் செடியிலும் ஆண் தனி, பெண் தனி. இதுவும் பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூத்துப் பாலைக் காட்டும். ஆண்செடி கொஞ்சம் முந்திப் பூக்கும். ஐந்து மகரந்தக் கேசரங்கள் தொங்கும் சின்னப் பூக்கள். காற்றில் தூளை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். பெண்பூவில் இதழ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சிறு செதில் ஒன்று, அதிலிருந்து நீட்டிய இரண்டு சூலக இழைகள். தேனீயோ வண்டோ தேவையில்லை. காற்றுதான் தூது. அந்தத் தூள் பல கிலோமீட்டர் தாண்டியும் போகும்.

மகரந்தம் விழுந்தால் பெண்பூ விதைக்குத் தயாராகும். செடியின் சத்து விதைக்குத் திரும்பும். விழாவிட்டால் பூங்கொத்து மேலும் மேலும் பூத்துக்கொண்டே போகும். செதில்களின் மேல் நுண்ணிய சுரப்பி முடிகள் பிசினைச் சுரக்கும். போதை தருகிற டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் உருவாவது இந்தப் பிசினில்தான். இதை 1964இல் இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் பிரித்தெடுத்து அமைப்பைச் சொன்னார்கள். ஆக, போதை என்பது விதை ஆகாமல் போன சத்து. 1970களில் அமெரிக்காவில் பரவிய 'சின்செமியா' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு 'விதையில்லாதது' என்றுதான் பொருள்.

ஆணெது பெண்ணெது என்பதிலும் குழப்பம் உண்டு. இங்கிலாந்தின் பழைய சணல்காரர்கள் விதை தரும் தடித்த செடியைக் 'கார்ல்' என்றார்கள், அதாவது ஆம்பிளை. மெல்லிய நார் தரும், தூள் உதிர்த்துச் சாகும் செடியை 'ஃபிம்பிள்' என்றார்கள், அதாவது பொம்பிளை. தாவரவியல் சொல்வதற்கு நேர் தலைகீழ். வலுவானது ஆண், மெலிந்தது பெண் என்ற வீட்டு இலக்கணத்தை வயலில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். 1694இல் ட்யூபிங்கனில் கமேராரியஸ் தாவரங்களுக்குப் பால் உண்டு என்று சோதனைகளால் காட்டியபோது கஞ்சாவின் இனமான சணலும் அவருடைய சோதனைச் செடிகளில் ஒன்று. ஆணிடமிருந்து ஒதுக்கி வைத்த பெண்செடியிலும் சில விதைகள் பிடித்தது அவரைச் சங்கடப்படுத்தியது. இன்று காரணம் தெரியும்: நெருக்கடி வந்தால் பெண்செடியே சில ஆண்பூக்களை விட்டுவிடும். பால் என்ற இருமை எதிர்வு செடிக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கிறது. இதைச் சொல்ல தெரிதா தேவையில்லை.

3

மகரந்தம் சேராமல் காப்பது ஓர் உழைப்பு. அந்த உழைப்புக்கு இந்தியாவில் ஒரு பெயரும் ஒரு தொழிலும் இருந்தன. வங்காளத்தில் ராஜ்சாஹி, தினாஜ்பூர், போக்ரா மாவட்டங்கள் சந்திக்கும் நௌகாவ் வட்டாரத்தை 'கஞ்சா மஹால்' என்றார்கள். அங்கே ஆண்செடியைப் பார்த்துப் பிடுங்குகிற நிபுணருக்குப் 'பரக்தார்' அல்லது 'போத்தார்' என்று பெயர். பரக் என்றால் சோதித்தறிதல். போத்தார் என்பது நாணயத்தின் நல்லது கெட்டதைச் சோதிப்பவருக்கும் வழங்கிய சொல். பூ விரிவதற்கு முன்னாலேயே வயலுக்குள் நடந்து, கணுவில் அரும்பைப் பார்த்து, இது ஆண் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை போதாது, பல தடவை வர வேண்டும். ஒரு செடி தப்பினாலும் அவ்வளவுதான், காற்று வரப்பைப் பார்த்து நிற்காது. என் வயலைச் சுத்தமாக வைத்துவிட்டு உன் வயலை மறக்க முடியாது. எனவே இது தனியொரு சம்சாரியின் கைவேலையாக இருக்க முடியாது. வட்டாரத்தின் கூட்டு ஒழுங்காகத்தான் இருந்தாக வேண்டும்.

இந்தக் கூட்டு ஒழுங்கின் மேல்தான் காலனிய அரசு ஏறி உட்கார்ந்தது. லைசென்ஸ், கிட்டங்கி, தீர்வை. பயிர் ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பது மகரந்தத்தைக் காக்கவும் தோது, வரி வசூலிக்கவும் தோது. 1917இல் அங்கே கஞ்சா விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமே தொடங்கப்பட்டது. இன்று கடத்தல் என்று சொல்லப்படுவது அன்று அரசாங்கத்தின் வருமானம்.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து இந்திய சணல் போதைப்பொருள் கமிஷன் அமைக்கப்பட்டது. தலைவர் மக்வொர்த் யங். ஏழு உறுப்பினரில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத்தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை. வரி போடு, கட்டுப்படுத்து என்று 1894இல் முடித்தார்கள். வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு செடி வளர்ப்பதும் அவர்களுடைய விவாதத்தில் இருந்தது. கொல்லைச் செடி அரசுக்கு ஏன் உறுத்துகிறது? அது தீர்வைக்கு வெளியே நிற்கிறது. ஒழுக்கம் கெடும் என்ற பேச்சுக்குக் கீழே கருவூலக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த அறிக்கையில் நமக்கு முக்கியமானது மனநல விடுதிகள் பற்றிய பகுதி. கஞ்சாவால் பைத்தியம் என்று பதிவேடுகள் ஏராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. கமிஷன் ஒவ்வொரு வழக்காகத் தோண்டியபோது அந்தப் பதிவுகளை நம்ப முடியவில்லை. தெருவில் பிடித்த ஆளை விடுதியில் ஒப்படைக்கும்போது 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். போலீஸ்காரருக்குக் கைக்கு வந்த சொல் கஞ்சா. கட்டம் காரணத்தை உற்பத்தி செய்தது. அறிவு அதிகாரத்தின் படிவத்தில் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஃபூக்கோவிடம் போகிறவர்கள் வழியில் இந்த அறிக்கையையும் ஒருமுறை புரட்டலாம்.

4

1961 ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவைக் கடும் போதைப்பொருளோடு சேர்த்தது. இந்தியா 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கஞ்சா என்றால் என்ன? பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனி சேராமல் தனியாக வரும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அதனால்தான் இலையை அரைத்த பாங் இந்தச் சட்டத்திலிருந்து நழுவியது. வடக்கே சில மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகளே உண்டு. சிவராத்திரிக்குக் குடிப்பது பண்பாடு. கட்டட வேலை முடிந்து சிலும்பியில் இழுப்பது குற்றம். எந்த உடல் எதை உட்கொள்கிறது என்பதை வைத்துச் சட்டம் செடியைப் பிய்க்கிறது.

சரி, பொருளை வரையறுக்கும்போது பூவையும் இலையையும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிற சட்டம், பயிரிடுவது என்று வரும்போது எதையும் பிரிப்பதில்லை. 'கஞ்சாச் செடி' என்றால் அந்தப் பேரினத்தின் எந்தச் செடியும்தான். ஆணும் அதில் அடக்கம். பெண்பூங்கொத்தே இல்லாத ஆண்செடியை வீட்டுத் தொட்டியில் வைத்தாலும் உரிமம் இல்லாமல் பயிரிட்ட குற்றம்தான். 20ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு செடியா ஆயிரம் செடியா என்ற எண்ணிக்கை அங்கே இல்லை. ஆனால் உலர்ந்த கஞ்சா 1 கிலோ வரை வைத்திருந்தால் 'சிறு அளவு', ஓராண்டு வரைதான். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', பத்து முதல் இருபதாண்டு. அதாவது பொட்டலம் வாங்குகிறவனைவிடத் தொட்டியில் ஒரு செடி வளர்க்கிறவன், சட்டத்தின் உச்சவரம்பில், பத்து மடங்கு ஆபத்தானவன். நுகர்வோனைக் காட்டிலும் உற்பத்தி செய்பவனை அரசு கூடுதலாகப் பயப்படுகிறது.

54ஆம் பிரிவு இன்னும் மோசம். நீ உழுத நிலத்தில் செடி நின்றால், திருப்தியாக விளக்கம் சொல்லும்வரை குற்றம் உன்னுடையது என்று கோர்ட் அனுமானிக்கலாம். காற்றில் வந்த மகரந்தத்துக்கு வரப்பு கிடையாது. சட்டத்துக்கு வரப்பு மட்டும்தான் உண்டு. பட்டா யார் பேரில், பாடு யாருடையது, குத்தகை வாய்மொழியா என்பதெல்லாம் கரிசல்காட்டில் எவ்வளவு சிக்கல்னு நமக்குத் தெரியும். எழுத்தில் இல்லாத குத்தகைதாரனும் கூலியாளும் 'விளக்கம்' சொல்வது எதைக் காட்டி? 2022இல் 'கஞ்சா வேட்டை 2.0' என்று தமிழகப் போலீஸ் இறங்கியது. வேட்டை என்ற சொல்லே ஒரு கோட்பாடு. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரை வழி இலங்கைக்குப் போகும் மூட்டைகளில், பிடிபடும்போது படமாகி நிற்பவர் பெரும்பாலும் சுமந்தவர்தான்.

5

இதற்கு நடுவே உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 2018 முதல் கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். 2024 ஏப்ரல் முதல் ஜெர்மனியில் வயது வந்த ஆளுக்கு மூன்று செடி. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. உத்தராகண்டில் போதை குறைந்த சணலுக்கு உரிமம் தருகிறார்கள். சட்டத்தின் 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் அப்படி அனுமதிக்க இடம் கொடுக்கிறது.

இதைக் கொண்டாடுகிற தோழர்கள் விதையைக் கவனிக்க வேண்டும். வீட்டில் வளர்ப்பவருக்கு இன்று கம்பெனிகள் விற்பது 'பெண்ணாக்கப்பட்ட' விதை. பெண்செடியையே ரசாயனத்தால் மகரந்தம் உண்டாக்க வைத்து, அதை இன்னொரு பெண்ணில் சேர்த்து, கிட்டத்தட்ட முழுக்கப் பெண்ணாகவே முளைக்கும் விதை எடுக்கிறார்கள். பரக்தாரின் கண் இனித் தேவையில்லை. அவர் வயலில் செய்ததை ஆய்வுக்கூடம் பாக்கெட்டுக்குள் செய்துவிடுகிறது. ஆண் இல்லாத தோட்டத்தில் அடுத்த வருஷத்துக்கு விதை ஏது? மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும்.

கரிசல்காட்டுக்கு இது புதுக்கதை இல்லை. 1965இல் வெளியான வீரியக் கம்பு எச்.பி.1, ஆண்மலடான 'டிஃப்ட் 23ஏ' என்ற அமெரிக்கத் தாய்வழியை வைத்து உருவானது. விதைக்கம்பைக் கதிரில் பொறுக்கிக் குலுக்கையில் போட்டு வைத்த வீட்டுப் பெண்களின் அறிவு அதோடு பாக்கெட்டுக்கு இடம் மாறத் தொடங்கியது. 1970களில் அடிச்சாம்பல் நோய் வந்து அந்த ரகங்களை நாடு முழுக்கச் சாய்த்தபோது ஒரே தாயின் பிள்ளைகள் ஒன்றாகவே விழுந்தன. பிறகு பருத்தி: 1970இல் எச்-4 வீரிய ரகம், 2002இல் பி.டி. ஒவ்வொரு கட்டத்திலும் மகரந்தத்தை யார் ஆள்கிறாரோ அவரே விதையை ஆள்கிறார்.

ஆகவே கேள்வியை மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. கஞ்சாவைத் தடுக்கலாமா விடலாமா என்று கேட்கும்போது அரசா சந்தையா என்ற இரண்டு கதவுகள்தான் கண்ணில் படுகின்றன. இரண்டிலும் நுழைகிறவர் உழைக்கும் மனிதர், இரண்டிலும் வெளியே நிறுத்தப்படுவது அவருடைய அறிவு. முதலில் கேட்க வேண்டியது சாதாரணமானது: ஒரு செடிக்குப் பத்தாண்டு என்ற வரம்பைக் குறை, பயிரிட்டதற்கும் அளவு வை, உழுதவன் மேல் சாய்த்த அனுமானச் சுமையை எடு, போதையில் சிக்கிய பிள்ளைக்கு 64ஏ பிரிவு சொல்கிற சிகிச்சை வழியைத் தாலுகா ஆஸ்பத்திரி வரை கொண்டு வா. அடுத்து கேட்க வேண்டியது கடினமானது: கம்போ பருத்தியோ கஞ்சாவோ, எந்தச் செடி விதை ஆகலாம், எது ஆகக் கூடாது என்று தீர்மானிக்கிற கை யாருடையது?