பிரெஞ்சு மருத்துவ வழக்குச் சொற்களும் ஆங்கிலப் பெயர்ப்பும்

பிரெஞ்சும் ஆங்கிலமும் தம் மருத்துவச் சொற்களுள் பலவற்றை இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்தே பெற்றுள்ளன. ஆதலின் இவ்விரு மொழிகளிடையே மருத்துவச் சொற்களைப் பெயர்ப்பது எளிது எனத் தோன்றும். அன்றாட வழக்கிலோ அவ்வடிவ ஒற்றுமையே பிழைக்கு வழிவகுக்கிறது. இதனை மூவகைச் சான்றுகளால் விளக்கலாம்.

முதலாவது, வழக்குநிலை வேறுபாடு. குழந்தையின் சளிக்காய்ச்சலைப் பிரெஞ்சு மருத்துவர் ‘ரினோஃபாரேன்ஜித்’ என்பார். தாயும் அச்சொல்லையே ஆள்வார். ஆங்கிலத் தாய்க்கு அது வெறும் ‘கோல்ட்’. சின்னம்மையைக் குறிக்கும் ‘வாரிசெல்’ பிரெஞ்சில் வீட்டுச் சொல். ஆங்கில ‘வேரிசெல்லா’வோ மருத்துவ ஏட்டுச் சொல். ஆங்கில வீடுகளில் வழங்குவது ‘சிக்கன்பாக்ஸ்’. இத்தகைய இடங்களில் ஆங்கிலம் கலைச்சொல்லையும் வழக்குச்சொல்லையும் பிரித்து வைக்கிறது. பிரெஞ்சு ஒரே சொல்லால் இரண்டையும் நிறைவு செய்கிறது.

இரண்டாவது, போலி ஒப்புமை. பிரெஞ்சு ‘ஆன்ஜின்’ தொண்டை அழற்சியைக் குறிக்கும். ஆங்கில ‘ஆஞ்சைனா’ இதயத் தசைக்குக் குருதியோட்டம் குறைவதால் எழும் நெஞ்சுவலியைக் குறிக்கும். பிரெஞ்சில் அந்நோய் மார்பைச் சுட்டும் அடையோடு ‘ஆன்ஜின் த புவாத்ரின்’ எனப்படும். அடையற்ற சொல்லை அப்படியே பெயர்த்தால், தொண்டைப்புண் கண்டவர் இதய நோயாளியாகப் பதிவாக நேரும்.

மூன்றாவது, உறுப்புப் பெயர் அமைந்த தொடர்கள். ‘மால் ஓ கேர்’ என்பதன் சொற்பொருள் இதயத்தில் நோவு; வழக்குப்பொருள் பெரும்பாலும் குமட்டல். ‘கிரீஸ் த ஃபுவா’ என்பதில் கல்லீரல் சுட்டப்படினும், கொழுப்பு மிக்க உணவுக்குப்பின் தோன்றும் செரிமானக் கோளாறே பொருள். ஆங்கிலத்தில் அது ‘இன்டைஜெஸ்சன்’. இங்கு உறுப்பின் பெயரைப் பெயர்ப்பது இல்லாத நோயைப் படைப்பதாகும்.

இச்சான்றுகள் ஒரு நெறியைச் சுட்டுகின்றன. யார், யாரிடம், எதற்காகக் கூறுகிறார் என்பதே பெயர்ப்புச் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும். மருத்துவர் மற்றொரு மருத்துவருக்கு எழுதும் மடலில் ‘வேரிசெல்லா’ பொருந்தும். பெற்றோருக்கான அறிவுரைத் தாளில் ‘சிக்கன்பாக்ஸ்’ என்பதே இயல்பு. மருத்துவப் பெயர்ப்பில் இயல்பான சொல்லைத் தேர்வது நடையழகு சார்ந்தது மட்டுமன்று. நோயாளி தம் நோயைச் சரியாக அறிவதும் மருத்துவர் அதனைச் சரியாகக் கணிப்பதும் அதனைச் சார்ந்தே அமைகின்றன.