உங்களுக்குத் தெரியுமா? அட்டை முதல் பி.எல்.சி. வரை

● முள்ளிப்பட்டு ஊரில் பட்டுத்தறி இருக்கும் வீட்டுக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதில் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும். கொக்கி மேலேறி, அதில் கட்டிய பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய எந்திரம் இது. பார்டரில் மயிலா, மாங்காயா என்று சொல்வது அட்டைதான். தறியைப் பிரிக்காமல் அட்டையை மாற்றினால் போதும். புரோகிராம் என்பதும் இதுதான்.

● ஆனால் இழை அறுந்தால் அட்டைக்குத் தெரியாது. நெசவாளரின் கண்தான் பார்க்க வேண்டும். பார்த்து முடிவெடுக்கும் அந்த வேலையையும் எந்திரத்திடம் கொடுத்தால் அது பி.எல்.சி. விரித்துச் சொன்னால், புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர். பட்டன், சென்சார் போன்றவை சேதி தரும் வழி இன்புட். மோட்டார், வால்வு, விளக்குக்கு ஆணை போகும் வழி அவுட்புட்.

● பி.எல்.சி. பிறந்தது கார் தொழிற்சாலைக்காக. மாடல் மாறும்போதெல்லாம் ரிலே என்னும் மின்சுவிட்சுகள் நூற்றுக்கணக்கானவற்றின் வயரைப் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அந்தத் தலைவலிக்கு மருந்து கேட்டது ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு. பொறியாளர் டிக் மோர்லி 1968 புத்தாண்டு தினத்தில் இதற்கான யோசனையை எழுதிவைத்திருந்தார். அவருடைய நிறுவனத்தின் 84-வது திட்டம் என்பதால் கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர்.

● பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதும் லேடர் வரைபடம் பார்க்க ஏணி மாதிரியே இருக்கும். இரண்டு பக்கமும் மின்கம்பி, நடுவே படிகள். படியின் இடப்பக்கம் நிபந்தனை, அதாவது கான்டாக்ட். வலப்பக்கம் விளைவு, அதாவது காயில். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் புதிதாக எதையும் கற்காமல் வேலை செய்யட்டும் என்றுதான் இப்படி அமைத்தார்கள். நல்ல புத்தி! அரை நூற்றாண்டு கடந்தும் ஏணி நிற்கிறது.

● ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. சீமன்ஸ் கம்பெனியின் பி.எல்.சி.யில் ஐ 0.0, மிட்சுபிஷியில் எக்ஸ் 0. மிட்சுபிஷியின் எஃப்.எக்ஸ். வரிசையில் எக்ஸ் 7-க்கு அடுத்தது எக்ஸ் 10. எட்டும் ஒன்பதும் கிடையாது, ஏனென்றால் எண்ணிக்கை எட்டடிமானத்தில். புதிதாக வருபவர் எக்ஸ் 8-ஐத் தேடி அலைவார்.

● ஸ்கேன் என்றால் ஒரு சுற்று. இன்புட் எல்லாவற்றையும் படிப்பது, புரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டுவது, அவுட்புட்டுக்கு அனுப்புவது, மறுபடியும் முதலிலிருந்து. பெரும்பாலும் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். ஒரே காயிலை இரண்டு படிகளில் எழுதினால் கடைசிப் படி சொன்னதே நிற்கும். மேலே எழுதியது ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் கீழே பார்ப்பது நல்லது. சுற்று அளவுக்கு மீறி நீண்டால் வாட்ச்டாக் என்னும் காவல் டைமர் பி.எல்.சி.யை நிறுத்திவிடும்.

● அமுக்கினால் இணைவது என்.ஓ., அமுக்கினால் துண்டிப்பது என்.சி. அவசர நிறுத்த பட்டன் எப்போதும் என்.சி. தான். வயர் அறுந்தாலும் எந்திரம் நிற்க வேண்டுமே! இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பட்டனை யாரும் தொடாதபோதே இன்புட்டுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ஆகவே லேடரில் அதற்குப் போட வேண்டியது என்.ஓ. கான்டாக்ட். வெளியே என்.சி., உள்ளே என்.ஓ. நேர்காணலில் கேட்பதற்கென்றே பிறந்த கேள்வி.

● ஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவது எப்படி? காயிலின் கான்டாக்டையே ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கவாட்டில் இணைத்துவிடுவார்கள். மோட்டார் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். இதன் பெயர் லாட்ச்.

● டி.ஓ.என். டைமர் தாமதித்து ஆன் செய்யும், டி.ஓ.எஃப். தாமதித்து ஆஃப் செய்யும். சி.டி.யு. கவுன்டர் மேல்நோக்கி எண்ணும், சி.டி.டி. கீழ்நோக்கி எண்ணும்.

● சென்சார் அளவை அனுப்பும் மின்னோட்டம் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? தண்ணீர் மட்டம் அளக்கும் சென்சார் என்றால், தொட்டி காலியானால் 4 வரும், வயர் அறுந்தால் 0 வரும். இரண்டும் ஒன்றல்ல என்று பி.எல்.சி.க்குத் தெரிந்தாக வேண்டும்.

● கம்பெனிக்குக் கம்பெனி மொழி வேறுபட்ட குழப்பத்துக்கு 1993-ல் ஒரு சர்வதேசத் தரம் வந்தது: ஐ.இ.சி. 61131-3. அதில் சொன்னவை ஐந்து மொழிகள். அவற்றில் இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்ட் என்ற மொழியை இனிப் பயன்படுத்த வேண்டாமென 2013-ல் ஒதுக்கிவிட்டார்கள். லேடரை அசைக்க முடியவில்லை.

● செய்யாறு, ஒரகடம் பக்கம் வேலை தேடும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பழகுவதற்கு விலை உயர்ந்த பி.எல்.சி. வாங்க வேண்டியதில்லை. கோடெசிஸ், ஓபன் பி.எல்.சி. ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். லாட்ச் படியிலிருந்து தொடங்குங்கள்.