கொல்லிமலைத் தோட்டங்களும் காவடிப் புழுவின் இனப் பகுப்பும்

நாமக்கல் ஜில்லா கொல்லிமலையில் நிழல் மரங்களின் கீழ்க் காப்பியும் மிளகும் பயிரிடுவோர், முதுகை வளைத்து நடக்கும் புழுவை நன்கறிவர். உடல் காவடிபோல் வளைவதால் அதற்குக் காவடிப் புழு என்று பெயர். ஆயினும் இப்பெயரால் வழங்குபவை யாவும் ஒரே குலத்தவை அல்ல. குலம் அறியாது மருந்து தெளிப்பதால் வீண் செலவும், சில சமயங்களில் முன்னினும் அதிக நஷ்டமும் நேரிடுகின்றன.

குலத்தை அறியக் கால்களை எண்ணினாற் போதும். புழுக்களுக்கு மார்பில் மூன்று ஜோடி மெய்க்கால்களும், வயிற்றுப் புறத்தில் பெரும்பாலும் ஐந்து ஜோடி சதைக்கால்களும் உண்டு. சமவெளியில் ஆமணக்கைத் தின்னும் காவடிப் புழுவுக்கு முன்புறச் சதைக்கால்கள் மட்டுமே குறைவுற்றிருக்கும். ஆகவே அது அரைக் காவடியே. உண்மைக் காவடிப் புழுவுக்குச் சதைக்கால்கள் உடலின் கடைசியில் இரண்டு ஜோடிகளே. நடுவுடலில் கால் இன்மையால், பின்காலை முன்காலருகே இழுத்து, சாண் சாணாய் நிலத்தை அளப்பது போல் நடக்கும். இதனாலேயே இக்குடும்பத்திற்கு நிலமளப்பது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஜியோமெட்ரிடே என்று பெயரிட்டனர். உலகில் இதில் 20,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

முன்னாளில் அந்துப்பூச்சியின் இறகு நரம்புகளைக் கொண்டே இவற்றைப் பகுத்தனர். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஹாம்ப்சன், 1895-ல் வெளிவந்த தம் நூற்பாகத்தில் இந்தியாவின் ஜியோமெட்ரிடே பூச்சிகளை இம்முறையில் வரிசைப்படுத்தினார். இக்காலத்தில் மரபணுச் சோதனையும் துணை செய்கிறது.

இக்குடும்பத்தில் ஹைபோசிட்ரா என்னும் பேரினம் பரவலானது. அதன் டலாகா இனத்தை வாக்கர் என்பார் 1860-ல் விவரித்தார். இந்தியா, இலங்கை முதல் ஆஸ்திரேலியா வரை காணப்படும் இது, காப்பி, தேயிலை முதலிய பல செடிகளைத் தின்னும். வங்காளத்தின் துவார்ஸ் பகுதித் தேயிலைக்கு இந்நூற்றாண்டில் பெரும்பகையாயிற்று.

அஸ்காட்டிஸ் என்பது இதற்கு உறவான மற்றொரு பேரினம். கென்யாவின் காப்பித் தோட்டங்களில் 1960-களில், வேறு பூச்சிகளுக்காகப் பாரத்தியான் தெளித்ததில் ஒட்டுண்ணிக் குளவிகள் முதலிய நண்பர்கள் மடிந்தன. அதன் பின் அஸ்காட்டிஸ் புழு பெருகியது. இது நமக்கு எச்சரிக்கையாகும்.

ஆகையால், புழுவைக் கண்டவுடன் கால்களை எண்ணுக. சுள்ளிபோல் அசையாதிருப்பவற்றையும் தேடிப் பொறுக்கி அழிக்க. ஹைபோசிட்ரா மண்ணில் கூட்டுப்புழுவாவதால், செடியடி மண்ணை வேர் அறாதபடி மேலாகக் கிளறினால் பறவைகள் அவற்றைக் கொத்தித் தின்னும். சேதம் மிகுந்தால் மட்டும், விவசாய அதிகாரியின் யோசனைப்படி, இளம் புழுப் பருவத்தில் பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தைத் தெளிக்கலாம். கிராம அதிகாரிகள் இவ்விவரங்களைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.